உட்கார்ந்து வாசித்தவர்

தை, மாசி முகூர்த்த நாளில் விடியற்காலை ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் காதில் விழும் முதல் சத்தம் நாயனம்தான். ஒரு மண்டபத்தில் பூபாளம் என்றால் அடுத்த மண்டபத்தில் சினிமாப் பாட்டு. சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, கையில் நாலு காசு புரளும் நேரம். கல்யாணமெல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு வரும். மண்டபத்துக்குள் போனால் மேடைக்குப் பக்கவாட்டில், பந்திக்குப் போகும் வழியில், ஒரு ஜமக்காளத்தில் மேளக்காரர்கள் இருப்பார்கள். இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி. மாப்பிள்ளை அழைப்பிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். காது கொடுத்துக் கேட்பவர் யாரும் கிடையாது. புரோகிதர் கையைத் தூக்கிக் கெட்டிமேளம் என்றதும் ஒரு தரம் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பும். மூன்று முடிச்சு விழுந்ததும் இலைக்கு இடம் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

இதே பழைய தஞ்சாவூர் ஜில்லாவில், அழைப்பில்லாதவர்களும் வண்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க அவர்கள் வரவில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டு வந்தார்கள். பந்தி காத்திருக்கும், ஊர்வலம் காத்திருக்கும். சாமி புறப்பாட்டில் அவர் தோடியை எடுத்துவிட்டால், சாமியைத் தூக்கி வந்தவர்களும் தண்டைத் தோளில் வைத்தபடி நிற்க வேண்டியதுதான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லத் தோன்றுகிற அளவுக்கு வேறு எந்த நாயனக்காரரும் அதற்கு முன் இருந்ததில்லை.

1898 ஆகஸ்ட் 27 அன்று, நாகப்பட்டினம் பக்கம் திருமருகலில் பிறந்தார். அப்பா குப்புசாமி பிள்ளை, அம்மா கோவிந்தம்மாள். வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை அந்தக் காலத்தின் பெரிய நாயன வித்துவான். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆஸ்தான வித்துவான். பையன் மாமன் வீட்டுக்குப் பிள்ளையாகப் போனான். மாமன் சீக்கிரமே கண்ணை மூடிவிட்டார். ஊர்ப் பெயரும் மடத்தின் பெயரும் மட்டும் பையனோடு ஒட்டிக்கொண்டன. டி.என்.ராஜரத்தினம் என்றால் இன்றைக்கும் திருவாவடுதுறைதான்.

இவருடைய கதையில் முக்கியமான திருப்பம் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. மேளக்கார வீட்டுப் பிள்ளை என்றால் சின்ன வயதிலேயே ஒத்தோ தாளமோ கையில் கொடுத்துச் செட்டில் உட்கார்த்திவிடுவது வழக்கம். இவருக்கு முதலில் வாய்ப்பாட்டு. சொல்லிக்கொடுத்தவர் பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர். பாட்டு நன்றாகத் தேறி, வாய்ப்பாட்டுக் கச்சேரியும் செய்திருக்கிறார் ராஜரத்தினம். நாயனம் பிறகுதான், அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம். ஆக, குழலை உதட்டில் வைக்கும்போதே ராகம் முழுசாகத் தொண்டையில் ஏறி உட்கார்ந்திருந்தது. குழல் அந்தத் தொண்டைக்கு இன்னொரு வாய் ஆனது. பின்னாளில் அவர் போட்ட சண்டைகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பாடுகிறவனுக்கு உண்டான இடம் தனக்கும் வேண்டும் என்று அவர் கேட்டது திமிரால் அல்ல. தான் செய்வதும் பாட்டுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நாயனத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆச்சா மரத்தில் கடைந்த நீண்ட குழல். கீழே அகன்ற வாயோடு அணசு. மேலே கெண்டை என்கிற சின்ன உலோகக் குழாய். அதில் செருகிய சீவாளி. விரல் வைக்கிற துளை ஏழு. அதற்குக் கீழும் பக்கவாட்டிலுமாக இன்னும் ஐந்து. அதில் விரல் படாது, சுருதிக்காக மெழுகு வைத்து அடைப்பதும் திறப்பதும் உண்டு. குழலோடு ஒரு கயிற்றில் நாலைந்து உபரிச் சீவாளி தொங்கும். கூடவே சீவாளியின் வாயைத் திறந்துவிட ஒரு தந்தக் குச்சி. வித்துவான் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலை சீவாளியை எச்சிலில் நனைத்து ஊதிப் பார்ப்பது. ஒன்று ‘பேசாது’, கழற்றிவிட்டு இன்னொன்று. அதுவும் சரியில்லை என்றால் குச்சியால் லேசாக நெம்பி, உதட்டில் வைத்து, மறுபடி. ஆற்றங்கரைக் கொறுக்கைத் தட்டையைப் பக்குவம் பண்ணிச் செய்கிற இந்தச் சின்னத் துண்டு அன்றைக்கு நல்லபடியாக இருந்தால்தான் கச்சேரி.

கிளாரினெட் மாதிரி இதில் சாவி கிடையாது. ஏழு துளையை மூடித் திறந்தால் கிடைப்பது ஏழு ஸ்வரத்தின் எலும்புக்கூடுதான். சதை முழுக்க உதட்டிலும் மூச்சிலும் இருக்கிறது. துளையை அரை விரல், கால் விரல் மூட வேண்டும். சீவாளியை உதட்டால் கவ்வும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அப்போதுதான் கமகம் வரும். நாக்கால் துத்தென்று தட்டித் தட்டி ஸ்வரத்தை நறுக்குவது ஒரு வழி. அதற்குத் துத்துக்காரம் என்று பெயர். நாக்கை அதிகம் போடாமல் ஒரே மூச்சில், ‘ஆ’ என்று பாடுகிற மாதிரி இழைத்துக்கொண்டு போவது இன்னொரு வழி, அது அகாரம். பாடகர் வீட்டு வாசல் வழியாக நாயனத்துக்கு வந்தவருக்கு எது இயல்பாக வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேக வேகமான பிர்காவும் அவருக்கு உண்டு. அதுவும் தொண்டைப் பிர்காவாகத்தான் கேட்கும். பாடகர் ஜி.என்.பாலசுப்பிரமணியம் தன் பிர்காக்களுக்கு ராஜரத்தினத்தின் வாசிப்பைத்தான் முன்மாதிரியாகக் கொண்டார் என்பது சங்கீத உலகில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். பாட்டிலிருந்து குழலுக்குப் போனது, குழலிலிருந்து மறுபடி பாட்டுக்குத் திரும்பியது.

அவர் என்றாலே தோடி. மணிக்கணக்கில் விரிப்பார், அடுத்த நாள் வேறு ஊரில் அதே தோடியை வேறு வழியில் விரிப்பார். இதில் ஒரு விசித்திரம் உண்டு. தோடிக்குச் சுத்த மத்தியமம் வேண்டும். அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்த திமிரி நாயனம் குட்டையானது, சுருதி ஏறியது. நாலு கட்டை, ஐந்து கட்டை. தெருவில் வாசித்தால் நாலு தெரு தாண்டிக் கேட்கும்; அதற்காகச் செய்த வாத்தியம் அது. ஆனால் சுத்த மத்தியமம் அதில் சுத்தமாக விழாது. துளை கொடுக்காததை உதட்டால் சரிக்கட்ட வேண்டும். அப்படிச் சரிக்கட்டியேதான் காலம் ஓடியது. ராஜரத்தினம் சுருதியைக் குறைத்து, குழலை நீட்டி, மனிதக் குரலின் தாழ்ந்த இடத்துக்கு நாயனத்தைக் கொண்டுவந்தார். இன்றைக்குக் கச்சேரி மேடையில் பார்க்கிற பாரி நாயனம் நிலைபெற்றது இப்படித்தான். திருவாவடுதுறையை அடுத்த நரசிங்கன்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்தியமம் பிசிறில்லாமல் பேசும்படி துளைக் கணக்கை மாற்றிக் கடைந்த பாரி நாயனத்தை இவருக்குக் கொடுத்தது 1955 வாக்கில். அதற்கு மறுவருஷம் ராஜரத்தினம் இல்லை. உலகம் கொண்டாடிய தோடிகளில் பெரும்பகுதி, ஒத்துழைக்காத ஒரு துளையோடு மல்லுக்கட்டி வந்தது.

ஒத்துக்காரரையும் அவர் அனுப்பிவிட்டார். ஒத்து என்பது விரல் துளையில்லாத இன்னொரு நாயனம். ஒரே சுருதியை மூச்சு விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பதில் சுருதிப்பெட்டி வந்தது. தெருவிலிருந்து மேடைக்கு ஏறுகிறவர் தெருவின் சாமான்களை ஒவ்வொன்றாகக் கீழே வைத்துவிட்டு ஏறுகிற மாதிரி இருக்கிறது, இன்று யோசித்தால்.

தெருவையும் குறைத்துப் பேசிவிடக் கூடாது. டெல்டாவின் கோயில் வீதிகள்தான் நாயனத்துக்குப் பள்ளிக்கூடம். மல்லாரி என்கிற புறப்பாட்டு வாசிப்போடு சாமி வெளியே வரும். அப்புறம் ராகம். கீழ வீதியில் ஆரம்பித்த ராகம் தெற்கு வீதி முனை திரும்பும்போதும் முடிந்திருக்காது. வாய்ப்பாட்டுக்காரருக்கு ராகம் பாட இருபது நிமிடம் என்றால் நாயனக்காரருக்கு ஒரு முழு ராத்திரி. ராக ஆலாபனையை இவ்வளவு நீளத்துக்கும் அகலத்துக்கும் வளர்த்தெடுத்தது நாயனமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளம்தான். ஆனால் அத்தனையும் நின்றபடி, நடந்தபடி. கல்யாணத்தில் மாப்பிள்ளை காரில் உட்கார்ந்து வர, முன்னால் வித்துவான் பின்பக்கமாக அடியெடுத்து வைத்து ஊதிக்கொண்டு போக வேண்டும். மேல்சட்டை கூடாது. துண்டு தோளில் கிடக்கக் கூடாது. இடுப்புக்கு இறங்க வேண்டும்.

துண்டு விவகாரத்துக்கு நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடைய பெயர் சேர்ந்திருக்கிறது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலம். வாசித்தவர் மதுரை சிவக்கொழுந்து. வியர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்தார். அதை எடுக்கச் சொல்லிப் பெரிய மனிதர்கள் அதட்டினார்கள். எடுக்காதே, வாசி என்று எதிரே நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. சுயமரியாதை இயக்கத்தின் மேடைகளில் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வட்டாரத்தில் இந்தச் சம்பவம் எத்தனையோ தடவை பேசப்பட்டிருக்கிறது.

ராஜரத்தினம் இயக்கக்காரர் அல்ல. சைவ மடத்தின் ஆஸ்தான வித்துவான். ஆனால் அழகிரி மேடையில் பேசியதை இவர் உடம்பில் போட்டுக் காட்டினார். குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு. காதில் வைரக் கடுக்கன். மேலே ஷெர்வானி, மார்பில் வரிசையாகத் தங்கப் பதக்கம், கையில் மோதிரங்கள். சட்டை போடாதே என்ற ஊரில் ராஜா மாதிரி உடுத்திக்கொண்டு வந்து நின்றார். இல்லை, நிற்கவில்லை, உட்கார்ந்தார். பாடகருக்குப் போடுவது மாதிரி மேடை போட்டால் வாசிப்பேன், இல்லையென்றால் இல்லை. பணக்காரர்கள் முணுமுணுத்தார்கள், போட்டார்கள். பக்கத்தில் தவிலுக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இந்த ஜோடி உட்கார்ந்துவிட்டால் எழுப்ப யாருக்கு மனசு வரும்?

மேல்நாட்டு ஊதுகுழல்களும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டிய இரண்டாம் சரபோஜி மன்னர் தஞ்சாவூர் அரண்மனையில் ஒரு மேல்நாட்டு பேண்டு வாத்தியக் குழுவை வைத்திருந்தார். கிளாரினெட் அந்த வாசல் வழியாகத்தான் நம் சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்தது. பின்னால் திருச்சி ஏ.கே.சி.நடராஜன் அதைக் கர்நாடக சங்கீதத்தின் முழுக் கச்சேரி வாத்தியமாகவே ஆக்கினார். அவருக்கு ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று பட்டம் கொடுத்தவர் இதே ராஜரத்தினம். டிரம்பெட்டுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. சிவப்புக் கோட்டும் தங்கச் சரிகையும் போட்ட பேண்டு செட்டில், கல்யாண ஊர்வலத்துக்கும் பெரிய சாவுக்கும் வாசிக்கிற வாத்தியமாகத் தங்கிவிட்டது.

அதே டிரம்பெட், அதே கல்யாணமும் சாவும், இன்னொரு ஆற்றின் முகத்துவாரத்தில் வேறு கதையாகப் போனது. மிசிசிப்பி ஆறு கடலைச் சேரும் இடத்துக்குக் கிட்டே நியூ ஆர்லியன்ஸ். அங்கே கறுப்பின மக்களின் சவ ஊர்வலத்துக்குப் பேண்டு உண்டு. போகும்போது சோகம், அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பும்போது குத்தாட்டம். அந்தத் தெருக்களில், ராஜரத்தினத்துக்கு மூன்று வருஷம் இளையவராக, 1901-ல் பிறந்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பதினோரு வயதில், புது வருஷக் கொண்டாட்டத்தில் கைத்துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காகச் சிறுவர் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கேதான் டிரம்பெட்டின் தம்பி மாதிரியான கார்னெட் முறையாகக் கைக்கு வந்தது. 1922-ல் குருநாதர் கிங் ஆலிவர் கூப்பிட்டு சிகாகோ போனார். 1925-லிருந்து மூன்று வருஷம் அவர் கொடுத்த இசைத்தட்டுகள் ஜாஸின் திசையையே மாற்றிவிட்டன. அதுவரை எல்லாரும் சேர்ந்து வாசிக்கிற சங்கதியாக இருந்ததை, ஒருவர் தனியே முன்னால் வந்து தன் மனோதர்மத்தை விரிக்கிற கலையாக ஆக்கினார். 1928-ல் பதிவான ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ தட்டின் தொடக்கத்தில், துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் டிரம்பெட் மட்டும் பத்துப் பதினைந்து வினாடி பேசும். நாயனம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது ராகத்துக்கு முன் போடுகிற ஒரு பிடி மாதிரியே கேட்கும்.

ஆம்ஸ்ட்ராங் பாடவும் பாடினார். கரகரத்த குரல், சாஸ்திரீயக் கணக்கில் நல்ல குரலே அல்ல. ஆனால் பாடும்போது டிரம்பெட் வாசிக்கிற மாதிரியும், வாசிக்கும்போது பாடுகிற மாதிரியும் இருக்கும். வார்த்தையே இல்லாமல் சத்தங்களை வைத்துப் பாடுகிற வித்தையை ஊரறியச் செய்தது அவர்தான். 1964-ல், பீட்டில்ஸ் கொடிகட்டிப் பறந்த நேரத்தில், 62 வயதில் ‘ஹலோ டாலி’ பாட்டால் அவர்களை முதலிடத்திலிருந்து இறக்கினார். டிரம்பெட்டிலும் சாவி மூன்றுதான். மிச்சமெல்லாம் உதடும் மூச்சும்.

இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தூண்டுவது வாத்தியம் மட்டுமில்லை. தான் வாசித்த ஓட்டல்கள் பலவற்றில் ஆம்ஸ்ட்ராங் தங்க முடியாது. கறுப்பருக்கு அறை கிடையாது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிக்கக் கூடாது என்று 1956-ல் லூயிசியானா மாநிலம் சட்டம் போட்டது. அவருடைய குழுவில் இரு நிறத்தவரும் இருந்தார்கள். பிறந்த ஊரான நியூ ஆர்லியன்ஸில் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். நிலைமை மாறிய பிறகு, 1965-ல்தான் திரும்பினார். நம் ஊரில் சட்டப் புத்தகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. வழக்கம் என்ற ஒன்று போதுமாக இருந்தது. எழுதிய சட்டத்தை நீதிமன்றத்தில் உடைக்கலாம். மேளக்காரர் எங்கே உட்கார்வது என்கிற வழக்கத்தை எந்தக் கோர்ட்டில் போய் உடைப்பது?

சினிமாவும் ராஜரத்தினத்தை விடவில்லை. 1940-ல் ‘காளமேகம்’ படத்தில் கவி காளமேகமாக ராஜரத்தினம் நடித்தார், பாடினார். இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன். எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்த ‘சகுந்தலை’, ‘மீரா’ படங்களை எடுத்த அதே அமெரிக்கர். தமிழ் தெரியாத ஓர் அமெரிக்கர், சிலேடைக்கென்றே பிறந்த ஒரு புலவரின் கதையை, டெல்டாவின் நாயனக்காரரை வைத்து எடுத்தார் என்பதை நினைத்தாலே அந்தக் காலத்துச் சினிமாவின் துணிச்சல் புரியும். படம் பெரிதாகப் போகவில்லை. நடிப்பு அவருடைய ஊர் இல்லை. அதோடு விட்டுவிட்டார்.

இசைத்தட்டு வேறு. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், சொச்சம். விடிய விடியத் தோடி வாசிக்கிறவருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஆறேழு நிமிடம்! ஆனால் அந்தத் தோடித் தட்டு போகாத இடமில்லை. இலங்கையிலும் மலேயாவிலும் தமிழர் இருந்த இடமெல்லாம் போனது. கிளப்புக் கடைகளில் சுழன்றது. ராஜரத்தினத்தை நேரில் பார்க்காதவர்களுக்கு அவர்தான் தோடி, தோடிதான் அவர் என்றாக்கியது அந்தக் கறுப்புத் தட்டு. வானொலியும் சேர்ந்துகொண்டது. அங்கே உட்கார்வதா நிற்பதா என்ற சண்டையே கிடையாது. கேட்கிறவருக்கு வாத்தியம் மட்டும்தான்.

1947 ஆகஸ்ட் 14. திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் செங்கோலோடு ஒரு குழு டெல்லி போனது. மடத்தின் வித்துவானாக ராஜரத்தினமும் போனார். அந்தச் செங்கோலுக்கு என்ன அர்த்தம் என்பதில் 2023-ல் புது நாடாளுமன்றக் கட்டடத் திறப்பின்போது பெரிய வாதப் பிரதிவாதம் நடந்தது. அதற்குள் போக வேண்டாம். நமக்கு வேண்டியது வேறு. அந்த மாலையைப் பற்றி அமெரிக்காவின் ‘டைம்’ இதழ் எழுதியதில் ஒரு விவரம் இருக்கிறது. நேரு வீட்டை நோக்கிப் பழைய ஃபோர்டு காரில் மடத்துக்காரர்கள் மெல்ல வருகிறார்கள். முன்னால் குழல்காரர் போகிறார். நூறு கஜத்துக்கு ஒரு தரம் நின்று, சாலையிலேயே உட்கார்ந்து, கால் மணி நேரம் வாசித்துவிட்டுத்தான் எழுந்து நடக்கிறார். எழுதிய அமெரிக்கருக்கு அது கிழக்கத்திய வேடிக்கை. டெல்லிச் சாலையில் உட்கார்ந்த அந்த மனிதர் யார், ஏன் நடந்துகொண்டே வாசிக்கவில்லை என்பது தஞ்சாவூர் ஜில்லாக்காரருக்கு உடனே புரிந்துவிடும். சுதந்திரம் கிடைக்கிற நேரம் என்பதற்காகப் பழக்கத்தை விட்டுவிட முடியுமா?

இவ்வளவு சொன்னபிறகு மற்றதையும் சொல்ல வேண்டும். பணம் கொட்டியது, நின்றதில்லை. கார், நகை, விருந்து, பரிசு. குடி இருந்தது. பல திருமணங்கள், பிள்ளை இல்லை. ஒத்துக்கொண்ட கச்சேரிக்கு வராமலும் இருந்திருக்கிறார். வந்தால் நேரத்துக்கு வர மாட்டார். கலைஞனுக்கு இதெல்லாம் அழகு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்தலைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற வீட்டுக்காரரின் வயிற்றெரிச்சலும் நிஜம்தான். கொத்தமங்கலம் சுப்பு எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ கதையின் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு இவர்தான் அச்சு என்று பலர் சொல்வார்கள். மூக்கின் மேல் கோபமும் வித்தைச் செருக்கும் பொருந்தத்தான் செய்கின்றன. 1968-ல் அது படமாக வந்தபோது சிவாஜிக்காக நாயனம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்.

சீடர்களில் காருகுறிச்சி அருணாசலத்தைச் சொன்னால் போதும். திருநெல்வேலிச் சீமைக்கு வாசிக்கப் போன இடத்தில் துணை நாயனத்துக்கு ஆள் தேவைப்பட்டு, உள்ளூர்ப் பையனைச் சேர்த்துக்கொண்டார்; பையன் கையோடு கூட வந்துவிட்டான் என்பது கதை. 1962-ல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலும் காருகுறிச்சியின் நாயனமும் ஆபேரியில் ஒன்றையொன்று துரத்துகிற ‘சிங்கார வேலனே’ பாட்டைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. குரலும் குழலும் சமமாக நிற்கிற பாட்டு அது. குருநாதர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே, 1956 டிசம்பர் 12 அன்று, சென்னையில் காலமாகிவிட்டார்.

அதே 1956-ன் சென்னை சீசனில் மியூசிக் அகாடமி முதன்முறையாக ஒரு நாயன வித்துவானுக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை. தகுதியானவர், சந்தேகமில்லை. அவரும் டெல்டாக்காரர்தான். அந்த வரிசையில் ராஜரத்தினத்தின் பெயர் மட்டும் இல்லை. ஜனங்கள் அவரை ‘நாதஸ்வரச் சக்கரவர்த்தி’ என்று கூப்பிட்டார்கள். பின்னால் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் முத்தமிழ்ப் பேரவை அவர் பெயரில் ஓர் அரங்கம் கட்டியது. கலைஞர் கருணாநிதி முன்நின்று செய்த வேலை. அதில் இப்போது எல்லா வகைக் கச்சேரியும் நடக்கிறது.

அவர் வாங்கிக்கொண்ட இடம் வாத்தியத்துக்கு மாறியதா என்றால், பாதிதான். இன்று நாயனக்காரர் சட்டை போட்டுக்கொள்கிறார், யாரும் கேட்பதில்லை. சபாக்களில் மேடையும் உண்டு. ஆனால் அது எந்த நேரம் என்று பாருங்கள். சீசன் தொடக்க நாளில் மங்கள இசை. குத்துவிளக்கு ஏற்ற வருகிறவர் இன்னும் வந்திருக்க மாட்டார். நாற்காலிகள் காலியாக இருக்கும். மைக் சோதிக்கிறவர் குறுக்கே நடப்பார். மாலை ஆறரை மணிக் கச்சேரி பாட்டுக்காரருக்குத்தான். கோயில்கள் பலவற்றில் மின்சார மேளம் வந்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டால் முரசும் மணியும் தானே அடித்துக்கொள்ளும், சம்பளம் கேட்காது. கல்யாண ஊர்வலத்துக்குக் கேரளத்துச் செண்டை மேளம்தான் இப்போது கௌரவம். நாயனம் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை; தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் இருந்தால் போதும் என்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியா, லண்டன் என்று கோயில் ஒப்பந்தத்தில் போய்விட்ட பிள்ளைகள் டெல்டாவின் பல மேளக்கார வீடுகளில் உண்டு. அங்கே மாதச் சம்பளம் வருகிறது.

நரசிங்கன்பேட்டையில் இன்னும் நாயனம் கடைகிறார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; செய்தித்தாளில் படம் வந்தது. அவர்களுக்கு இன்றைய தலைவலி மரம். புது ஆச்சா மரம் ஆகாது. வெடித்துவிடும், சுருதி நிற்காது. வருஷக்கணக்கில் காய்ந்து ஈரமெல்லாம் போன மரம் வேண்டும். அது கிடைப்பது பழைய வீடுகளின் உத்தரத்திலும் தூணிலும்தான். ஒரத்தநாட்டுப் பக்கம் தெருவுக்குத் தெரு ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மெத்தை வீடு கட்டுகிறார்கள். உங்கள் வீட்டு உத்தரம் ஆச்சாவாக இருந்தால், விறகுக் கடைக்காரருக்கு விலை சொல்வதற்கு முன்னால் நரசிங்கன்பேட்டைக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள்.